ஊர் மாறுவது எப்படி? திருவாண்டார்கோயில்காரர்களுக்கு ஒரு கையேடு

புது ஊருக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் லாபத்தையும் மறுபக்கம் நட்டத்தையும் எழுத வேண்டும் என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொல்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் தாராளமாகச் செய்யட்டும். நமக்குச் சரிப்படாது. கோடு கிழிக்கிற வேலையைப் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சேர்ந்து நமக்கு முன்பே முடித்துவிட்டார்கள். அதையும் நேராகக் கிழிக்கவில்லை.

நம்பாதவர்கள் பாண்டியில் விழுப்புரம் பஸ் ஏறிப் பாருங்கள். வில்லியனூர், அரியூர் வரைக்கும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கண்ணயர்ந்து விழிப்பதற்குள் திருவாண்டார்கோயில், மறுபடியும் புதுச்சேரி. திருபுவனை, மதகடிப்பட்டு வரை அதே ஆட்சி. அதைத் தாண்டி வளவனூர் போனால் திரும்பவும் தமிழ்நாடு. இத்தனைக்கும் கண்டக்டர் கிழிப்பது ஒரே டிக்கெட். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் ரோட்டோரக் கடைகளைப் பார்த்தால் போதும். எந்தக் கடைகள் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நம் கையேட்டில் முதல் படி வேறு. போகலாமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போகப்போவது எது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஆளா, காகிதமா? ஆள் என்றால் நீங்கள். காகிதம் என்றால் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, குடியிருப்புச் சான்றிதழ், கேஸ் புக்கு, பேங்க் பாஸ்புக். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே லாரியில் போனதாக இந்தப் பக்கத்தில் சரித்திரம் கிடையாது.

ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் சென்னை, பெங்களூரு என்று கிளம்ப வேண்டாம். கண்டமங்கலம் போதும். சைக்கிளிலேயே மாநிலம் விட்டு மாநிலம் குடிபோகிற வசதி நாட்டில் எத்தனை ஊருக்கு இருக்கிறது? சட்டி பானையை டாட்டா ஏசில் ஏற்றினால் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போய் இறங்கியதும் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். முதலமைச்சர் மாறுகிறார். பிள்ளையின் பாடப் புத்தகம் மாறுகிறது. பாண்டி அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டுக்குள் சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன, கோட்டுக்கு அந்தப் பக்கம் சமச்சீர்க் கல்வி. மழை லீவு விடுகிற அதிகாரி மாறுகிறார். ஒரே மேகம், ஒரே மழை, ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளை கபடி ஆட, அந்தப் பக்கத்துப் பிள்ளை குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். குடும்பத் தலைவிக்கு மாத உதவிப் பணம் என்பது இரண்டு பக்கமும் உண்டு, இரண்டும் ஆயிரம் ரூபாயில் தொடங்கியவை. பாண்டியில் 2023 ஜனவரியில் தொடங்கியது, தமிழ்நாட்டில் அதே ஆண்டு செப்டம்பர் 15-இல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு, கேட்கிற கார்டு வேறு. இந்தப் பக்கத்தை விட்டு அந்தப் பக்கத்தில் சேருவதற்குள் எத்தனை மாதத்துப் பணம் கைநழுவும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பெண்கள் யாரும் வீட்டை மாற்றச் சம்மதிப்பதில்லை. கணக்குச் சரியானதுதான்.

இனிக் காகிதத்தின் மகிமை. பாண்டியில் குடும்ப அட்டைக்கு நிறம் உண்டு. ஏழை என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டால் சிவப்பு, ஒத்துக்கொள்ளாவிட்டால் மஞ்சள். அரிசிக்குப் பதிலாகப் பணம் பேங்கில் போடுகிறோம் என்று சொல்லி, ரேஷன் கடைகளே பல ஆண்டு மூடிக் கிடந்து 2024-இல்தான் திறந்தன. கடை மூடிக் கிடந்த அத்தனை ஆண்டும் கார்டுக்கு இருந்த மவுசு ஓர் அணாகூடக் குறையவில்லை. புதுக் கார்டுக்கு மனு, பெயர் சேர்க்க மனு, மஞ்சளைச் சிவப்பாக்க மனு என்று ஆபீசில் கூட்டம் அப்படியே இருந்தது. கடை இல்லாமலும் ரேஷன் கார்டு உயிரோடு இருக்கும் என்பதை நிரூபித்தது நம் யூனியன் பிரதேசம்தான்.

கார்டைவிடக் கனமானது குடியிருப்புச் சான்றிதழ். பிள்ளை பிளஸ் டூ முடித்து, பாண்டியின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பான சென்டாக்கில் சீட்டுக்கு மனுப் போடும்போது, இங்கே தொடர்ந்து ஐந்து ஆண்டு குடியிருந்தோம் என்று காட்ட வேண்டும். மருத்துவச் சீட்டானாலும் பொறியியல் சீட்டானாலும் கதவைத் திறக்கிற சாவி அதுதான். ஜிப்மரிலும் புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. பிள்ளை எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவுக்கு ஓசூரில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். குடும்பத்தோடு போனால் ஐந்தாண்டுக் கணக்கு அறுபடும். இந்த வட்டாரத்தில் பல அப்பாக்கள் தனியாகப் போய் மேன்ஷனில் தங்கி, குக்கரில் சோறு வடித்துச் சாப்பிடுவதற்குக் காரணம் இந்த ஒரு தாள். வீட்டுக்காரம்மாவிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைக்க வேண்டாம்.

காகிதம் இங்கேயும் ஆள் வெளியிலும் என்பது நம் வழி. இதையே காரை வைத்துச் செய்தவர்களும் உண்டு. 2017-இல் கேரளத்தில் ஒரு பெரிய ரகளை நடந்தது. அங்கே சொகுசுக் காருக்கு வரி அதிகம், பாண்டியில் குறைவு. சினிமா நட்சத்திரங்களில் தொடங்கிப் பலர் பாண்டி முகவரி ஒன்றைக் காட்டி, பி.ஒய். என்று நம்பர் பலகை மாட்டிக்கொண்டு கொச்சியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வழக்கு, விசாரணை எல்லாம் வந்தது. அந்தக் கார்கள் காகிதத்தில் பாண்டிவாசிகள். நம் பையன்கள் காகிதத்தில் மட்டும் பாண்டிவாசிகளாக இருந்துகொண்டு சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிறார்கள். கோடி ரூபாய்க் காருக்கே தோன்றிய யோசனை நமக்கும் தோன்றியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொல்லப்போனால் இது கோடிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. இதே வில்லியனூர் தாலுகாவில் கீழூர் என்றொரு கிராமம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி 178 பிரதிநிதிகள் அங்கே கூடி, இந்தியாவோடு சேருவதா பிரான்சோடு இருப்பதா என்று வாக்குப் போட்டார்கள். சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. லாப நட்டம் பார்த்து ஊர் மாறுவதில் இதைவிடப் பெரிய காரியம் நம் பக்கத்தில் நடந்ததில்லை. மூட்டை கட்டவில்லை, லாரி வைக்கவில்லை, பால் காய்ச்சவில்லை, நாடே மாறிவிட்டது. சட்டப்படி முழுசாக மாறியது 1962 ஆகஸ்டு 16-இல். அப்போதும் ஒரு வழி வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

இந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். பட்டாளத்தில் இருந்தவர்களும் சைகோன் போய் வந்தவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "நமக்கு எதுக்குப்பா ஊர் வம்பு" என்று பேசாமல் இருந்தார். எழுதிக் கொடுத்தவரின் பேரன் பாரிசில் இருக்கிறான், அல்லது இங்கேயே இருந்துகொண்டு பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறான். பேசாமல் இருந்தவரின் பேரன் விசாவுக்கு வரிசையில் நிற்கிறான். இரண்டு தாத்தாக்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே வெற்றிலையைப் பங்கு போட்டவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தின் சொல்தா பென்ஷன் வாங்குகிற வீட்டைப் பார்த்து இன்றைக்கும் சில கிழவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் யாரும் லாப நட்டம் பார்க்காமல் இருந்தவர்கள் அல்ல. பார்த்தார்கள், கணக்குத் தப்பிப் போனது.

சரி, ஆள்தான் போகப்போகிறது என்று முடிவாகிவிட்டால் அடுத்து ஆலோசனை கேட்க வேண்டும். இதில் ஒரு முன்னெச்சரிக்கை: நம் ஊர் ஆட்களை வெளியே விடுவதில் பழங்காலத்திலிருந்தே கறார். பக்கத்துத் திருபுவனை சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். அங்கே முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஊருக்கு வேலை செய்கிற தச்சர், கொல்லர், தட்டார் போன்றவர்கள் ஊருக்கு உள்ளேதான் தொழில் செய்ய வேண்டும், வெளியே போய்ச் செய்தால் அது சபைக்கு எதிரான குற்றம் என்கிறது. ஊரைக் கெடுத்த பாவமும் அவர்கள் தலையில்தான். தொள்ளாயிரம் வருஷம் ஆகிவிட்டது. சபை போய்விட்டது. பெரியப்பா இருக்கிறார்.

பெரியப்பாவிடம் கேட்டால், "மில்லுல ஒரு வேலை பாத்துக்கினு இங்கயே கெடக்கலாம் இல்ல?" என்பார். அவர் சொல்வது பாண்டியின் ஏ.எஃப்.டி. துணி மில்லை. 1898-இல் தொடங்கிய மில், 2020-இல் இழுத்து மூடியாகிவிட்டது. ஆனால் அவர் மனசில் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது. அவரோடு வாதாடாதீர்கள். அத்தையிடம் கேட்டால், "சென்னையா? அங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்களாமே" என்பாள். இதை லாபத்தில் எழுதுவதா நட்டத்தில் எழுதுவதா என்பது உங்களுக்கும் ஊருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. மாமாவிடம் கேட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கையில எவ்வளவு நிக்கும்?" இத்தனை பேரில் உருப்படியாகப் பேசுகிறவர் மாமா மட்டும்தான். அவருக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தால் மேலே படியுங்கள்.

கல்யாணச் சந்தையின் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளவும். பையன் உள்ளூரில் இருந்தால், "ஊர்லயேதான் இருக்கானா?" என்று இழுப்பார்கள். சென்னையில் இருந்தால், "சொந்த வீடு இருக்கா?" என்று கேட்பார்கள். ஆள் சென்னையில், வீடு திருவாண்டார்கோயிலில் என்றால் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. பெண் வீட்டாருக்கும் இது தெரியும், அவர்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான்.

அடுத்தது நகரத்துக்குப் போய்ச் சேருவது. விழுப்புரம், திண்டிவனம் வழியாகப் போகிறவர்கள் கவனிக்கவும்: பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டுவிடும். 2023 டிசம்பர் 30-இல் திறந்த பெரிய நிலையம், வெளிச்சமும் இடமும் தாராளம். அதைப் பார்த்துச் சென்னை வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். வந்திருப்பது வண்டலூர்ப் பக்கம். சென்னை இன்னும் இருக்கிறது. அங்கிருந்து நீங்கள் போகவேண்டிய தெருவுக்குப் பிடிக்கிற நேரத்தையும் பணத்தையும் சேர்த்துக் கூட்டினால், திருவாண்டார்கோயிலிலிருந்து திண்டிவனத்துக்கே வேலைக்குப் போய் வந்திருக்கலாமோ என்று தோன்றும். தோன்றட்டும். முதல் வாரம் எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

வீடு பார்ப்பது பெரிய படலம். மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலை முறுக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பரம்பரை நாம். சென்னையில் அது எடுபடாது. அங்கே வீட்டுக்காரர்தான் நம் பல்லைப் பார்ப்பார்.

"என்ன வேலை தம்பி?"

"கம்பெனியில சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"பேச்சுலருக்குக் குடுக்கறதில்லையே. சரி, எந்த ஊரு?"

"பாண்டி சார்."

இந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பாண்டி என்று சொன்னால் தமிழ்நாட்டில் எல்லோரும் சிரிக்கிற அதே சிரிப்பு. அடுத்த கேள்வி என்ன, "ஊருக்குப் போய் வரும்போது" என்று தொடங்குகிற வேண்டுகோள் என்ன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மரியாதையாக மறுத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டப்போவது அவர் அல்ல.

முன்பணம் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் வேறு என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். அதனால்தான் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்கிறார்கள். கரண்டிலும் இப்படித்தான். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட்டை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பல வீடுகளில் அது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சப்-மீட்டரைத் தாண்டி வாடகைக்காரருக்கு வந்து சேருவதில்லை.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர் சென்னை, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வெள்ளத்தை நட்டக் கணக்கில் எழுதலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. அவர்களுக்கு 2015 டிசம்பர் என்றால் நமக்கு 2024 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, சங்கராபரணி கரை புரண்டது. மழையை இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துவிடலாம்.

நடுவில் ஒரு விஷயம். நாம் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒடிசாவிலோ பீகாரிலோ யாரோ ஒரு பையன் இதே கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, திருபுவனைத் தொழிற்பேட்டைக்கு வந்து இறங்கிவிட்டான். அவனுக்குப் புது நகரம் நம் ஊர்தான். அவனைப் போன்றவர்கள் லைன் வீட்டில் ஒரே அறையில் கூட்டமாகத் தங்குகிறார்கள். வாசலில் கயிறு கட்டி யூனிபார்ம் காயப் போட்டிருக்கிறார்கள். மளிகைக் கடை அலமாரியில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் வந்து உட்கார்ந்திருக்கிறது, கடைக்கார அண்ணாச்சி எண்ணிக்கை மட்டும் இந்தியில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். நம் பையன் இங்கே உள்ள கம்பெனியின் காண்ட்ராக்ட் சம்பளம் கட்டாது என்று ஒரகடம் போகிறான். அதே சம்பளம் கட்டும் என்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவன் வருகிறான். அவன் பெரியப்பாவும் ஊரில் ஏதாவது சொல்லித்தான் இருப்பார். அவனை ஒரு நாள் டீக்கடையில் நிறுத்தி, எப்படி முடிவெடுத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கையேட்டைவிட அவனுக்கு விவரம் அதிகம் தெரியும்.

இதற்கு மேலும் குழப்பம் தீராதவர்களுக்குக் கடைசி வழி, பூக்கட்டிப் பார்ப்பது. நம் ஊர்க் கோயில் சாதாரணக் கோயில் அல்ல. சம்பந்தர் பாடிய திருவடுகூர், சோழர் காலக் கற்றளி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பைரவரின் பெயரோடு சேர்ந்த தலம் என்பதால் வழிப்பயணத்துக்கு உத்தரவு கேட்கவும் பொருத்தமான இடம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சந்நிதியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்ததும், "இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா?" என்று உங்கள் வாயில் வந்துவிட்டால் அப்போதும் போகலாம். குழந்தைக்கு மறக்காமல் மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். காகிதம் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று அரசாங்கம் நேரில் வந்து கேட்டால் நம் தெருக்கள் என்ன பதில் சொல்லும்? எந்த வாசலிலும் பேச்சு இப்படித்தான் ஓடியிருக்கும்:

"உங்க பையன் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கான் சார்."

"எங்க?"

"மெட்ராசுக்கு."

"அப்போ குடிபெயர்ந்துட்டாருன்னு போட்டுக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு சார் அப்படிப் போடறீங்க? பொங்கலுக்கு வந்துருவான். கட்டிலு இங்கதான இருக்குது!"

வந்தவர் எட்டிப் பார்த்தால் கட்டில் இருக்கும். மேலே மடித்த போர்வை, நெல் மூட்டை, தங்கச்சியின் புத்தகம் எல்லாம் இருக்கும். படிவத்தில் கட்டிலுக்குக் கட்டம் இல்லை.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்வதென்றால், வேலை கையில் உறுதியானால் போங்கள். போய்த் தேடிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாமலும் போகாதீர்கள், அந்தப் பத்து மாத அட்வான்ஸ் இதில் சேர்த்தி இல்லை. பிள்ளை எட்டாவதைத் தாண்டிவிட்டால் சான்றிதழ்க் கணக்கை முடித்துவிட்டுப் பேசுங்கள். போகிற நாள் எதுவானாலும் சரி, செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு மதகடிப்பட்டில் சந்தை, விழுப்புரம் பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் கிடைக்காது.